நானூற்றுப் பதினைந்து வோல்ட்

எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றால் அம்மா எழுந்துவிடுவாள். கண் விழிப்பதற்கு முன்பே உடம்பு எழுந்து உட்கார்ந்துவிடும். கால்கள் தரையில் செருப்பைத் தேடும். அதற்குப் பிறகுதான் கண் திறக்கும். "வீடுதாம்மா, படு" என்று நானோ அப்பாவோ சொல்ல வேண்டும். ஒருமுறை விளையாட்டுக்கு நான் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். அம்மா வாசற்படி வரைக்கும் போய்விட்டாள். அன்றோடு அந்த விளையாட்டை விட்டேன்.

"உங்கம்மாவுக்குத் தூக்கமே கரண்டுலதான் ஓடுது" என்பார் அப்பா. அவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மீதிப் பாதியில் தூங்குவார்.

அம்மா ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறாள். முதலில் அங்கே முட்டைத் தட்டுகள் கழுவும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். அப்போது ஜெனரேட்டர் பார்த்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அவருக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் என்பதால், அந்த மெஷினை அவர் எப்படிக் கிளப்புவார் என்று அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "டீ குடுக்கப் போனவ, சாவியோட திரும்பினேன்" என்று இன்னும் சொல்வாள். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே எல்லோருக்கும் அவள் கரண்டக்கா.

காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அம்மா. மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இன்னொருவன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆன ஒல்லியான ஆள், பட்டப்பெயர் ஆந்தை. இந்த இரண்டு பேரைத் தவிர மூன்றாவது ஆள் கிடையாது. அதனால் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. மின்சாரம் எந்தக் கிழமையில் போகும் என்று யார் சொல்ல முடியும்?

போனால் என்ன என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முட்டை பொரிய இருபத்தொரு நாள். முதல் பதினெட்டு நாள் ஒரு பெரிய அலமாரி மெஷினில், சூட்டில், தட்டுகள் மெல்லச் சாய்ந்து சாய்ந்து இருக்கும். கடைசி மூன்று நாள் ஹேச்சர் என்ற இன்னொரு அலமாரி. அங்கேதான் ஓடு உடையும். அந்த மூன்று நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே பெட்டிக்குள் மூச்சு விடும். ஒவ்வொரு குஞ்சும் ஒரு சின்ன அடுப்பு. உள்ளே விசிறி நின்றால் அவற்றின் சூடே அவற்றைக் கொல்லும். அரை மணி நேரம் தாங்குவது கஷ்டம்.

அம்மாவுக்குக் குதிகால் வலி. காலையில் முதல் பத்து அடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, முள் மேல் நடப்பதுபோல நடப்பாள். டாக்டர், "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா" என்றார். "சரிங்க டாக்டர், இனிமே ஓடிடறேன்" என்றாள். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாற்காலி வந்தது.

பொரிப்பகத்தில் முட்டை பார்க்கும் அறை என்று ஒன்று உண்டு. இருட்டான சிறிய அறை. மேசைக்குள் விளக்கு. அதன் மேல் முட்டையை வைத்தால் உள்ளே உயிர் பிடித்திருக்கிறதா என்று நரம்புபோலத் தெரியும். அந்த மேசைக்கு முன்னால் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அங்கே எட்டு மணி நேரம்தான் வேலை. உட்கார்ந்து செய்யலாம். ஞாயிறு விடுமுறை. இதுவரை அதில் உட்கார்ந்திருந்த பெண்மணி மகனோடு வேறு ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னதும், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் அது அம்மாவுக்கு என்று சூப்பர்வைசர் வாயால் சொல்லிவிட்டார். ஜெனரேட்டருக்குப் புது ஆள் எடுப்பார்களாம்.

அன்று மாலை அம்மா பழைய சேலையை மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒரு சின்ன மெத்தை தைத்தாள்.

"இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்மா. இப்பவே ஏன் தைக்கிறே?"

"முதல் ஞாயித்துக்கிழமை என்னைக்கு வருது பாரு, காலண்டர்ல."

பார்த்தேன். ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. "வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாளே லீவு" என்றேன்.

"தூங்குவேன்" என்றாள் அம்மா. "நீங்க யாரும் எழுப்பக் கூடாது. வீடு தீப்பிடிச்சாலும் என்னைக் கட்டிலோட தூக்கி வெளியே வைங்க."

*

இனி ஜெனரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பின்னால் நடந்தது புரியாது. நான் பள்ளி முடித்து ஐந்து மாதம் ஆகிறது. இயற்பியல் பரீட்சையில் மாறுதிசை மின்னோட்ட ஜெனரேட்டரின் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் படத்தில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை என்பது எனக்கு அது நடந்த செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

டீசல் இன்ஜின் செய்வதெல்லாம் ஒரு தண்டைச் சுற்றுவது. வெறும் சுற்றல் மின்சாரம் ஆகாது. அந்தத் தண்டின் மேல் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி, தொடாமல், மயிரிழை இடைவெளியில், செம்புக் கம்பிச் சுருள்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. காந்தத்தின் வடமுனை ஒரு சுருளைக் கடக்கும்போது கம்பிக்குள் மின்சாரம் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. அடுத்து தென்முனை வருகிறது. இப்போது அதே மின்சாரம் எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அதனால்தான் மாறுதிசை. அம்மாவின் மெஷினில் தண்டு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. அதாவது நொடிக்கு இருபத்தைந்து. காந்தத்தில் இரண்டு ஜோடி முனைகள். ஆக ஒரு நொடியில் ஐம்பது முறை மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. மீட்டரில் ஐம்பது என்று காட்டுவது இதைத்தான். வோல்ட் மீட்டரில் நானூற்றுப் பதினைந்து காட்ட வேண்டும்.

புத்தகப் படத்தில் காந்தத்தை ஒரு கட்டையாக வரைந்து ஒரு பக்கம் வ, மறுபக்கம் தெ என்று எழுதியிருப்பார்கள். நிஜ மெஷினில் அது அப்படிப்பட்ட காந்தம் இல்லை. கம்பி சுற்றிய இரும்பு. அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் அது காந்தம். அந்த மின்சாரத்தை யார் கொடுப்பது? அதே மெஷின்தான். அப்படியானால் முதல் மின்சாரம் எங்கிருந்து வரும்? போன தடவை ஓடியபோது இரும்பில் ஒட்டிக்கொண்ட துளிக் காந்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் ஒரு சிறு மின்சாரத்தை உண்டாக்கும். அது காந்தத்தை வலுவாக்கும். வலுவான காந்தம் இன்னும் மின்சாரம் தரும். இப்படி இரண்டு மூன்று நொடியில் ஊசி மேலே ஏறிவிடும். மிச்சம் இல்லாமல் போனால், இன்ஜின் நாள் முழுவதும் சுற்றலாம். சத்தம் வரும், புகை வரும், மின்சாரம் வராது.

*

சனிக்கிழமை காலை பத்து நிமிட ஓட்டம் என்று ஒரு வழக்கம். மின்சாரம் இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டரைச் சும்மா கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய், தண்ணீர், வோல்ட், ஐம்பது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நோட்டு, இன்ஜின் ஷெட்டில் ஆணியில் தொங்கும். மீட்டர் பலகையோ கட்டடத்தின் மறுகோடியில் தனி அறையில் இருக்கும். ஷெட்டிலிருந்து கிளம்பி, வெளிச்சுவரைச் சுற்றி, லாரி நிற்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நூற்று நாற்பது அடி. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப நூற்று நாற்பது.

ஒன்பது வருடத்தில் அம்மாவுக்கு அந்த இன்ஜினின் சத்தம் மனப்பாடம். எங்கள் வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றாலும், "இதுக்கு ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு" என்பாள். இன்ஜின் ஒழுங்காக ஓடினால் ஊசி நானூற்றுப் பதினைந்தை ஒட்டித்தான் நிற்கும். அதுதான் அவள் அனுபவம். குதிகால் வலி வந்த பிறகு, சில சனிக்கிழமைகளில் அவள் ஷெட்டிலேயே நின்று சத்தத்தைக் கேட்டாள். நன்றாக இருந்தது. நோட்டில் 415 என்று எழுதினாள். நடக்கவில்லை.

அந்த மாதம் டீசல் மெக்கானிக் வந்து ஜெனரேட்டரின் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றினார். சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார், மாட்டினார், இன்ஜினைக் கிளப்பினார். "உறுமல் போச்சா? போச்சுல்ல?" என்று கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் நூற்று நாற்பது அடி நடக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமைகள் வந்து போயின. புது லைன் இழுத்த பிறகு அந்தப் பக்கம் மின்சாரம் போவதே அபூர்வம். நோட்டில் 415, 415, 415.

*

வீட்டில் அடைந்து கிடந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதனால் மதியச் சாப்பாட்டை நானே நடந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குப் போனேன். அம்மா ஷெட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காலைக் கவிழ்த்த வாளியின் மேல் நீட்டியிருந்தாள். பத்து நாள்தான் பாக்கி என்றாள். மூடியைத் திறந்து, "உப்பு போட்டியா, இல்ல இன்னைக்கும் மறந்துட்டியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தம் கேட்டது.

பொரிப்பகத்தின் இரைச்சல் ஒரு நொடியில் அணைந்தது. அப்படி ஒரு இரைச்சல் அங்கே இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அம்மா அதற்குள் சாவியைத் திருப்பியிருந்தாள். இன்ஜின் ஒரே திருப்பலில் பிடித்துக்கொண்டது. டப்பாவை என் கையில் திணித்துவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மீட்டர் அறையில், லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் பெரிய கைப்பிடியை இழுத்துக் கீழே தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே தள்ளி மறுபடி கீழே இழுத்தாள். அப்புறம்தான் மீட்டரைப் பார்த்தாள்.

"ஊசி படுத்துக் கெடக்கு" என்றாள், தனக்குத்தானே. கைப்பிடியைப் பழையபடி மேலே தள்ளினாள்.

சூப்பர்வைசர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், பதற்றம் வந்தால் குரல் உச்சத்துக்குப் போய்விடும். "அக்கா, இன்னைக்கு ஹேச்சர்ல பதினோராயிரம் இருக்கு! பாதிக்கு மேல ஓடு உடைச்சாச்சு! சீக்கிரம் மாத்துங்க!"

"மாத்திட்டேன் சார். கரண்டு வரல."

"இன்ஜின் ஓடுதே! எனக்குக் கேக்குதே!"

"ஓடுது சார். வரல."

உள்ளே இருந்தவர்கள் அலமாரிகளின் கதவுகளைத் திறந்துவிட்டு, முட்டை அட்டைகளால் விசிற ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து வந்த குஞ்சுகளின் சத்தம் இன்ஜினுக்கு மேலே கேட்டது. அம்மாவின் முகத்தில் வேர்வை. போனை எடுத்து வைண்டிங்காரரை அழைத்தாள். செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர், மோட்டார் ஜெனரேட்டர் எதுவானாலும் அவரிடம்தான் போகும். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான்தான். ஓடுது, ஊசி ஏறல. ஒரு வோல்ட்கூட இல்ல."

"யாராவது அடிச்சுக் கழட்டுனாங்களா, தங்கச்சி?"

"பேரிங் மாத்துனாங்க."

"அந்தச் சுத்தியல் மன்னனா? சரிதான். தட்டுன தட்டுல மிச்சம் போயிருச்சு. இரும்புல காந்தமே இல்ல. நான் கெளம்பி வர ஒரு மணி நேரம் ஆகும்."

"நீங்க வர வரைக்கும் இதுங்க இருக்காது. மூணு வருஷம் முன்னாடி நீங்க பேட்டரி வச்சு ஒண்ணு பண்ணீங்கல்ல, பக்கத்துல நின்னு பாத்தேன். எந்த ஒயருன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். பின்மூடிக்குள் இரண்டு மெல்லிய ஒயர். இன்ஜினை நிறுத்து. ஒயரை ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து கழற்று, இல்லாவிட்டால் பெட்டி புகைந்துவிடும். பேட்டரியின் பிளஸ் பிளஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு. மூன்று எண்ணும் வரை தொட்டு எடு. "மாத்தித் தொட்டுடாதே, தங்கச்சி. கை நடுங்குதுன்னா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் பண்ணு."

"தண்ணியெல்லாம் அப்புறம்ணே."

அம்மா ஷெட்டுக்குத் திரும்பி இன்ஜினை நிறுத்தினாள். சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓடுறதையும் எதுக்குக்கா நிறுத்துறீங்க?"

"சார், நீங்க போய் மீட்டர் பக்கத்துல நில்லுங்க. ஊசி ஏறுச்சுன்னா கத்துங்க. இங்க நின்னும் கத்தத்தானே போறீங்க."

அவர் ஓடினார். அம்மா மூடியைத் திறந்தாள். நான்கு திருகுகள். ஒன்று துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. அதற்கே நான்கு நிமிடம் போனது. மெல்லிய ஒயர்கள் இரண்டையும் ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து கழற்றினாள். இன்ஜினைக் கிளப்பும் அதே பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தாள். அவற்றின் நுனிகளால் மெல்லிய ஒயர்களைத் தொட்டாள். சின்னதாக ஒரு நீலப் பொறி. "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணினாள், யாரோ தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பதுபோல மெதுவாக. ஒயர்களைப் பழையபடி பெட்டியில் மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

இன்ஜினின் சத்தம் முன்பு போலத்தான் இருந்தது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

மறுகோடியிலிருந்து குரல் வந்தது. "ஏறுதுக்கா! இருநூறு! முந்நூத்தம்பது! நானூறு! நானூத்திப் பத்துல நிக்குது! கையை வைக்கவா? கைப்பிடியை இழுக்கவா?"

"இழுங்க சார்!"

இன்ஜின் ஒருமுறை குனிந்து நிமிர்ந்ததுபோல முக்கியது. கட்டடத்துக்குள் விசிறிகள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. மின்சாரம் போய் இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். நான் டப்பாவை நீட்டினேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

பிறகு கணக்கெடுத்தார்கள். பதினோராயிரத்தில் அறுநூற்று நாற்பது குஞ்சுகள் போய்விட்டன. இரண்டு பிளாஸ்டிக் கூடைகளில் மஞ்சளாக வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். சூப்பர்வைசர், "நீங்க இல்லன்னா மொத்தமும் போயிருக்கும்கா" என்றார். அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். அம்மாவால் அந்தக் காலோடு தனியாக வீட்டுக்கு வர முடியாது என்று நான் அங்கேயே தங்கிவிட்டேன். அலுவலக அறைக் கதவுக்கு வெளியே ஒரு முட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

ஆந்தையையும் தூக்கத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். தலை கலைந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். பகல் வெளிச்சத்தில் அவனை நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

முதலாளியின் மேசை மேல் அம்மாவின் நோட்டு விரிந்திருந்தது.

"சனிக்கிழமை நானூத்திப் பதினஞ்சு காட்டியிருக்கு" என்றார். "அதுக்கு முந்தின சனி நானூத்திப் பதினஞ்சு. அதுக்கு முந்தியும். பேரிங் மாத்துனதுக்கு அப்புறம் மூணு வாரம் நல்லா இருந்திருக்கு. அப்போ மெக்கானிக் மேல தப்பு இல்ல. சனிக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல எவனோ கை வச்சிருக்கான். யாரு?"

சூப்பர்வைசர் தயங்கினார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி இவன் மீட்டர் பலகையைத் திறந்தான் சார். எழுதி வச்சிருக்கான்."

"பல்பு சார்!" என்றான் ஆந்தை. "செவப்பு பல்பு எரியல, மாத்துனேன். வேற ஒயரைத் தொடவே இல்ல சார்."

"நீ தொடாம, பேயா தொட்டுச்சு?"

"சார், எங்க வீட்டுல குழந்தை பொறந்து நாலு வாரம்தான் ஆவுது. பொய் சொல்லி வேலையைக் கெடுத்துக்குவேனா?"

"அதனாலதான் தூக்கக் கலக்கத்துல என்னத்தையோ நோண்டியிருக்கே."

நான் இருந்த இடத்திலிருந்து அம்மாவின் முகம் தெரியவில்லை; முதுகும், மேசை விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கையும்தான் தெரிந்தன. அந்தக் கை எனக்குத் தெரியும். வலிக்கும் காலிலிருந்து எடையை மாற்றும்போது அவள் எதையாவது அப்படிப் பிடித்துக்கொள்வாள். பத்து நாள்தான் பாக்கி. பேசாமல் இருந்தால் போதும். அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

"அவன் தொடல சார்" என்றாள் அம்மா. "அந்த நானூத்திப் பதினஞ்சு நான் பாத்து எழுதினது இல்ல."

"என்னது?"

"சத்தத்தைக் கேட்டேன். நல்லா இருந்துச்சு. எழுதிட்டேன். மூணு வாரமும் அப்படித்தான். அதுக்கு முன்னாடியும் சில வாரம் உண்டு. பேரிங் மாத்துன அன்னைக்கே அது செத்துப் போயிருக்கும். நான் நடந்து போய்ப் பாத்திருந்தா அந்த வாரமே தெரிஞ்சிருக்கும்."

முதலாளி நோட்டைப் புரட்டினார். வேகமாக, பின்னோக்கி. ஷெட்டில் அந்த நோட்டை நானும் புரட்டியிருக்கிறேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பழைய பக்கங்களில் 412, 416, 409, 414 என்று எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. குதிகால் வலி வந்த மாதத்திலிருந்து அந்த ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, கடைசி வாரங்களில் நின்றே போயிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த நோட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் சூப்பர்வைசர். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"காது என்னம்மா, மீட்டரா?" என்றார் முதலாளி.

"இல்ல சார்."

"அறுநூத்தி நாப்பது."

"பாத்தேன் சார்."

"மீட்டர் தூரமா இருக்குன்னா சொல்லியிருக்கலாம்ல? ஷெட்டுக்குள்ள ஒண்ணு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு தடவை கேட்டாங்க சார். நான்தான்... அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவரும் களைத்திருந்தார். "உங்களை இன்னைக்கே அனுப்பணும். ஆனா நாளைக்கு இது மறுபடி செத்துச்சுன்னா பேட்டரி வைக்க எனக்கு வேற யாரு இருக்கா? புது ஆளை நம்பி உங்களை ஷெட்டை விட்டு எடுக்க முடியாது. அந்த நாற்காலிக்கு வேற யாரையாவது போடுங்க" என்றார் சூப்பர்வைசரைப் பார்த்து. "இவங்க அங்கேயே இருக்கட்டும்."

தண்டனையா, மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. "சரிங்க சார்" என்றாள். "மீட்டர்?"

"நாளைக்கே மாட்டச் சொல்றேன்."

*

வெளியே வந்ததும் ஆந்தை பின்னாலேயே வந்தான்.

"என்னக்கா நீங்க? நான் ரெண்டு திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வாயைத் திறந்து நாற்காலியைத் தொலைச்சிட்டீங்களே."

"ரெண்டு திட்டோட விட்டிருப்பாரா?"

அவன் யோசித்தான். "விட்டிருக்க மாட்டாரு."

"அப்புறம் என்னடா? போய்த் தூங்கு. சட்டைப் பொத்தானை ஒழுங்கா போடு. பாக்கிறவங்க உன்னைப் பொண்டாட்டி துரத்திட்டாள்னு நெனைப்பாங்க."

"துரத்தலக்கா. குழந்தை துரத்துது." பொத்தானை மாற்றிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட நடந்தான். பிறகு, எங்கேயோ பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை பகலையும் நானே பாத்துக்கறேன், ஒண்ணு விட்டு ஒண்ணு. வீட்டுல இருந்தா எப்படியும் தூங்க விடாது. ஷெட்டுலயாவது உக்காரலாம்" என்றான்.

"ராத்திரி பூரா முழிச்சிட்டுப் பகலும் முழிப்பியா?"

"பட்டப்பேரு சும்மாவா வச்சீங்க?"

ஆறு மணிக்கு ஆந்தை திரும்பி வந்த பிறகுதான் அம்மா கிளம்பினாள். வீட்டுக்கு வந்து, காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தாங்க முடியாமல் கேட்டேன். "சொல்லாம இருந்திருக்கலாம்லம்மா?"

"இருந்திருக்கலாம்" என்றாள். தண்ணீரில் விரல்களை அசைத்தாள். "உக்காந்திருப்பேன். எட்டு மணி நேரம். இருட்டு ரூம்ல. அவனை நெனைச்சுக்கிட்டே." அவ்வளவுதான். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, தைத்து வைத்த மெத்தையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். முக்காலிக்கு அது கொஞ்சம் பெரியதாம். ஓரத்தை மடித்துப் போட்டிருக்கிறாள்.

மீட்டர் மாட்ட ஒன்பது நாள் ஆனது. அதுவரை அவள் நடந்து போய்த்தான் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை நோட்டில் 411.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலண்டரில் நான் பார்த்துச் சொன்ன அதே ஞாயிறு. அம்மா ஏழு மணி வரை தூங்கினாள். எழுந்தாள், சாப்பிட்டாள், என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள். மதியம் மறுபடி படுத்தாள். அப்பா வண்டியில் போயிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு விசிறி நின்றது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கால் செருப்பைத் தேடியது. நின்றே விட்டாள். குதிகால் தரையில் பட்டதும் முகம் சுளித்து, கண்ணைத் திறந்தாள்.

"வீடுதாம்மா. ஆந்தை இருக்கான்."

"தெரியும்" என்றாள். ஆனால் படுக்கவில்லை. கட்டில் விளிம்பில், கையைத் தொடைகளின் மேல் வைத்து, காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொரிப்பகம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எந்தச் சத்தமும் கேட்காது. இருந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்று நிமிடம் கழித்து அவள் போன் அடித்தது. எடுத்து, பேசாமல் காதில் வைத்தாள். ஆந்தையின் குரல் எனக்கே கேட்டது, பின்னால் இன்ஜின் இரைச்சலோடு.

"அக்கா, நானூத்திப் பன்னெண்டு. கண்ணால பாத்துச் சொல்றேன். தூங்குங்க."

"சரிடா" என்றாள்.

போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாய்ந்தாள். வீட்டில் மின்சாரம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. புழுக்கம் தாங்காமல் நான் விண்ணப்பத்தாளாலேயே விசிறிக்கொண்டிருந்தேன். விசிறி நின்றபடியே இருந்தது. அதற்குக் கீழே அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.